466 எங்கே போனது? கலிஃபோர்னியா நெடுஞ்சாலை எண்கள் மாறிய கதை

1955 செப்டம்பர் 30, மாலை நேரம். நடிகர் ஜேம்ஸ் டீன் சலினாஸ் நகரில் நடக்கவிருந்த கார் பந்தயத்துக்காகத் தன் போர்ஷ் காரில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஷொலாம் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், எதிரே வந்த கார் ஒன்று கிளைச்சாலைக்குத் திரும்பும்போது இரண்டும் மோதிக்கொண்டன. அவருக்கு அப்போது வயது 24. விபத்து நடந்த இடத்துக்கு அன்றைக்கு இருந்த அடையாளம், யூ.எஸ். 466 சாலையும் மாநிலச் சாலை 41-ம் சேரும் முனை.

இன்றைக்கு வரைபடத்தை விரித்து 466ஐத் தேடினால் கிடைக்காது. கலிஃபோர்னியாவில் மட்டுமல்ல, அமெரிக்காவில் எங்குமே இன்று யூ.எஸ். 466 என்று ஒரு சாலை இல்லை. ஆனால் சாலை எங்கும் போய்விடவில்லை. அதே பள்ளத்தாக்கில் இன்றும் லாரிகள் ஓடுகின்றன. பலகையில் மட்டும் 46 என்று இருக்கிறது. 1964இல் ஒரு 6 கழன்று விழுந்ததைப் போல 466 போய் 46 வந்தது. அதே 466-இன் கிழக்குப் பகுதி, பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து பார்ஸ்டோ வரை, 58 ஆனது. மேற்குக் கோடியில் கடலை ஒட்டிய துண்டு 41-இன் பங்காயிற்று. ஒரு சாலை, மூன்று வாரிசுகள்.

கலிஃபோர்னியாவில் இப்படி எண் மாறிய சாலைகள் ஏராளம். எண் மாறுவதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சாலைக்கு யார் பணம் தருகிறார்கள், பள்ளம் விழுந்தால் யார் அடைக்க வேண்டும், எந்தச் சட்டப் பிரிவு அதைக் காப்பாற்றுகிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எண் எப்போது மாறியது என்று பார்த்தாலே, அந்தப் பொறுப்பு எப்போது கைமாறியது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு விசித்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். 1964 வரை கலிஃபோர்னியாவின் மாநிலச் சாலைகள் பலவற்றுக்கு இரண்டிரண்டு எண்கள் இருந்தன. ஒன்று ஏட்டு எண், இன்னொன்று பலகை எண்.

ஏட்டு எண்தான் மூத்தது. 1909இல் மாநில நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, அதற்காக 1 கோடியே 80 லட்சம் டாலர் கடன்பத்திரம் வெளியிட வாக்காளர்கள் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தில் எந்தெந்தச் சாலைகள் போடப்படும் என்று சட்டத்துக்குக் கணக்கு வேண்டுமல்லவா? அதற்காக வரிசையாக எண் கொடுத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே போவது 1. அங்கிருந்து சான் டியேகோ வரை தெற்கே போவது 2. சேக்ரமென்டோவிலிருந்து ஆரிகன் எல்லைக்கு 3. சேக்ரமென்டோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 4. சட்டமன்றம் புதிதாக ஒரு சாலையைச் சேர்க்கும்போதெல்லாம் பட்டியலில் அடுத்த எண் அதற்குப் போனது. இந்த எண்கள் பொறியாளர்களின் கோப்புகளிலும் சட்டப் புத்தகத்திலும் மட்டுமே புழங்கின. சாலையில் வண்டி ஓட்டியவர்கள் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

சரி, ஓட்டுநர்கள் எதைப் பார்த்தார்கள்? 1926இல் நாடு முழுவதற்குமான யூ.எஸ். சாலை எண்கள் வந்தன. 66, 99, 101 எல்லாம் அப்போது வந்தவை. அவற்றுக்கான பலகைகளை கலிஃபோர்னியாவில் நட்டது அரசு அல்ல, மோட்டார் சங்கங்கள். தெற்குப் பகுதிக்கு ஒரு சங்கம், வடக்குக்கு இன்னொரு சங்கம். பிறகு 1934இல் மாநிலத்துக்கென்றே தனியாகப் பலகை எண்கள் வந்தன. தங்க வேட்டைக்காலச் சுரங்கத் தொழிலாளியின் மண்வெட்டியைப் போன்ற வடிவத்தில் பலகை, அதில் கரடிச் சின்னம். மண்வெட்டி வடிவம் இன்றும் இருக்கிறது. நிறம் பச்சையானது 1964இல்.

1934-இன் எண்களில் ஓர் அழகான ஒழுங்கு இருந்தது. எண்ணை 4ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 0 அல்லது 1 என்றால் வடக்கு கலிஃபோர்னியா, 2 அல்லது 3 என்றால் தெற்கு. சான்டா க்ரூஸ் மலையைத் தாண்டிப் போகும் 17க்கு மீதி 1, ஆகவே வடக்கு. தங்கச் சுரங்க ஊர்களைக் கோத்துக்கொண்டு போகும் 49க்கும் மீதி 1. சான் பெர்னார்டினோ மலைமேல் ஏறும் 18க்கு மீதி 2, ஆகவே தெற்கு. அசூசா மலையிடுக்கில் நுழையும் 39க்கு மீதி 3. வரைபடமே இல்லாமல், எண்ணைக் கேட்டவுடன் சாலை மாநிலத்தின் எந்தப் பாதியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மதிப்பு உண்டு. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஓட்டுநரை மனதில் வைத்து யோசித்திருக்கிறார்.

அப்புறம் வந்தது 1956. இன்டர்ஸ்டேட் எனப்படும், மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான கூட்டரசுச் சட்டம். இந்தச் சாலைகளுக்கு ஆகும் செலவில் 90 சதவீதத்தை வாஷிங்டன் கொடுத்தது. கூடவே 5, 8, 10, 15, 80 என்று புதிய எண்களும் வந்து இறங்கின. ஏட்டு எண், மாநிலப் பலகை எண், யூ.எஸ். எண், இன்டர்ஸ்டேட் எண் என்று நாலு அடுக்கு ஆகிவிட்டது. ஃப்ரீவே என்றால் சிக்னலே இல்லாத விரைவுச் சாலை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே போகும் சான் பெர்னார்டினோ ஃப்ரீவேயில் 60, 70, 99 மூன்றும் ஒரே கம்பத்தில் தொங்கின. அதோடு இன்டர்ஸ்டேட் 10 வேறு சேர்ந்துகொண்டது. அறுபது மைல் வேகத்தில் போகிறவர் எதைப் படிப்பார்?

இதனால் ஒரு பேச்சுவழக்கும் உருவானது. தென் கலிஃபோர்னியர்கள் ஃப்ரீவேக்களை எண்ணால் அழைக்காமல் பெயரால் அழைத்தார்கள்: தி ஹாலிவுட் ஃப்ரீவே, தி சான்டா ஆனா ஃப்ரீவே. பிறகு எண்கள் தெளிவானபோது பெயர் போய்விட்டது, முன்னாலிருந்த 'தி' மட்டும் நின்றுவிட்டது. அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸ்காரர் 'தி 405' என்பார். சான் ஃபிரான்சிஸ்கோக்காரர் வெறும் '280' என்பார். அந்த ஓரெழுத்தை வைத்தே ஆள் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

குழப்பத்துக்கு முடிவுகட்டும் சட்டம் 1963இல் நிறைவேறி, 1964இல் நடைமுறைக்கு வந்தது. கொள்கை எளிமையானது. ஒரு சாலைக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு சாலை. ஏட்டில் இருப்பதே பலகையில். யூ.எஸ்., இன்டர்ஸ்டேட், மாநிலச் சாலை என்று வகை வேறானாலும் ஒரே எண் இரண்டு சாலைகளுக்குக் கிடையாது. சட்டப் புத்தகத்திலும் இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். சாலை எண்ணோடு 300ஐக் கூட்டினால் சட்டப் பிரிவு. சாலை 1-ஐப் பிரிவு 301 விவரிக்கும். 99-ஐப் பிரிவு 399, 101-ஐப் பிரிவு 401. இன்றும் அப்படித்தான்.

ஆனால் இதற்குக் கொடுத்த விலை பெரியது. முதல் அடி பழைய யூ.எஸ். எண்களுக்கு. மாசசூசெட்ஸின் புராவின்ஸ்டவுனிலிருந்து லாங் பீச் வரை 3,600 மைலுக்கு மேல் ஓடிய யூ.எஸ். 6, அன்றைய அமெரிக்காவின் மிக நீளமான எண்ணிட்ட சாலை. அதைக் கடலுக்கு வரவிடாமல் சியெரா நெவாடா மலைக்குப் பின்னாலிருக்கும் பிஷப் என்ற ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள். யூ.எஸ். 40 போய் இன்டர்ஸ்டேட் 80 வந்தது. யூ.எஸ். 60 மாநில 60 ஆனது. யூ.எஸ். 299 மாநில 299 ஆனது. யூ.எஸ். 66 லாஸ் ஏஞ்சலஸுக்குள் வராமல் பசடீனாவில் நின்றது.

இரண்டாவது அடி 1934-இன் அந்த வகுத்தல் ஒழுங்குக்கு. இன்டர்ஸ்டேட் 5 வந்துவிட்டதால் மாநில 5 இருக்க முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மலைமுகட்டின் மேல் போகும் ஸ்கைலைன் பூல்வார்டுதான் அன்றைய 5. அதற்கு 35 என்று புது எண் கொடுத்தார்கள். ஸ்டாக்டனுக்குக் கிழக்கே இருந்த 8, இன்டர்ஸ்டேட் 8-க்காக விலகி 26 ஆனது. இப்போது 35ஐயும் 26ஐயும் 4ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 3, மீதி 2. தெற்குக்குரிய எண்கள் வடக்கில் நிற்கின்றன. ஒழுங்கு தெரிந்தவர்களுக்கு அந்தப் பலகையைப் பார்த்ததுமே புரிந்துவிடும், இது 1964இல் இடம் மாறி வந்த எண் என்று.

எண்கள் ஒன்றையொன்று தள்ளிவிட்ட கதைக்கு லாங் பீச் ஃப்ரீவேயைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஏறும் சாலை அது. முதலில் அதன் எண் 15. லாஸ் வேகஸ் பக்கம் போகும் இன்டர்ஸ்டேட்டுக்கு 15 தேவைப்பட்டது, ஆகவே இந்தச் சாலை 1964இல் 7 ஆனது. 7 எப்படிக் காலியாக இருந்தது? அதுவரை 7 என்பது செபுல்வெடா வழியாகப் போன சாலை. அந்தத் தடம் இன்டர்ஸ்டேட் 405 ஆகிவிட்டதால் 7க்கு வேலை இல்லாமல் போயிருந்தது. பிறகு 1980களின் முற்பாதியில் லாங் பீச் ஃப்ரீவேயும் இன்டர்ஸ்டேட் வரிசையில் சேர்ந்து 710 ஆனது. மறுபடியும் 7 காலி. இந்த முறை அது லாஸ் ஏஞ்சலஸைவிட்டே கிளம்பி, மெக்சிகோ எல்லையில் கலெக்சிகோவுக்குக் கிழக்கே இருக்கும் சோதனைச் சாவடியிலிருந்து இன்டர்ஸ்டேட் 8 வரை போகும் ஒரு குட்டிச் சாலையில் போய் உட்கார்ந்தது. 11க்கும் இதே கதி. ஒருகாலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நடுவே போன எண் அது. இன்று ஒடாய் மேசாவில், அதுவும் மெக்சிகோ எல்லை ஓரத்தில் இருக்கிறது.

11 என்றதும் அர்ரோயோ செக்கோ பார்க்வேயைச் சொல்லாமல் போக முடியாது. 1940 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட சாலை, அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு முதல் ஃப்ரீவே. முதலில் யூ.எஸ். 66. 1964இல் 11. 1980களின் தொடக்கத்தில் 110. பெயரும் நிலைக்கவில்லை. 1954இல் பசடீனா ஃப்ரீவே என்றார்கள், 2010இல் திரும்பவும் அர்ரோயோ செக்கோ பார்க்வே என்றே வைத்தார்கள். வளைவுகள் மட்டும் அன்றைய கார்களின் வேகத்துக்குப் போட்டபடியே இருக்கின்றன. இறங்குவழிகளில் சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். எத்தனை எண் மாற்றினாலும் அது 1940-இன் சாலைதான்.

சிலிக்கான் பள்ளத்தாக்கிலும் ஃப்ரீமான்டிலும் இருக்கும் தமிழர்களுக்கு 880 நன்றாகவே பழக்கம். வேலைக்குப் போகும் வழி அது. அந்த எண் பிறந்த ஊர் வேறு என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. சேக்ரமென்டோவில் இன்டர்ஸ்டேட் 80 நகருக்குள் போனது. வடக்கே சுற்றிப்போன புறவழிக்கு 880 என்று பெயர். நகருக்குள் இருந்த பகுதி இன்டர்ஸ்டேட் தரத்துக்கு இல்லை. அதற்கு மாற்றாகத் திட்டமிட்ட சாலையும் கைவிடப்பட்டது. ஆகவே 1980களின் தொடக்கத்தில் 80-ஐப் புறவழிக்கே மாற்றிவிட்டார்கள். 880 காலியானது. அந்த நேரத்தில் சான் ஹோசேவிலிருந்து ஓக்லண்ட் போகும் நிமிட்ஸ் ஃப்ரீவேக்கு ஓர் இன்டர்ஸ்டேட் எண் தேவைப்பட்டது. அதுவரை அது 17. சான்டா க்ரூஸில் தொடங்கி ஓக்லண்ட், ரிச்மண்ட் வழியாகப் பாலம் தாண்டி சான் ரஃபேல் வரை ஒரே 17. 1984இல் அதை வெட்டினார்கள். ஓக்லண்ட் வரை 880, பாலம் 580, மலைமேல் போகும் பகுதி மட்டும் 17. ஐந்து ஆண்டு கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று வந்த லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் இந்த 880-இன் இரட்டை அடுக்கு மேம்பாலம் ஓக்லண்டில் இடிந்து விழுந்து 42 பேர் இறந்தார்கள்.

சேக்ரமென்டோவில் விட்டுப்போன பழைய 80க்கு என்ன ஆயிற்று? பலகையில் அது பிஸினஸ் 80. சட்டப் புத்தகத்தில் அதன் ஒரு பகுதி 51. ஆனால் 51 என்று எந்தப் பலகையும் கிடையாது. இன்னொரு பகுதியில் யூ.எஸ். 50 என்று பலகை, கூட்டரசு ஏட்டில் இன்டர்ஸ்டேட் 305. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ரோஸ்மீட் பூல்வார்டில் பலகை 19 என்கிறது, சட்டம் 164 என்கிறது. ஏட்டு எண், பலகை எண் என்ற இரட்டை வழக்கத்தை ஒழிக்கத்தான் 1964-இன் சட்டம் வந்தது. அதே வழக்கம் இருபது ஆண்டுக்குள் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

சாலையே இல்லாமல் போய் எண்ணும் போனது ஒன்று உண்டு: 480. சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரையை மறித்துக்கொண்டு நின்ற இரண்டடுக்கு எம்பார்க்கடேரோ ஃப்ரீவே. 1959இல் நகர மேற்பார்வையாளர் குழு திட்டத்தில் இருந்த ஃப்ரீவேக்களில் பலவற்றை வேண்டாம் என்று ஒதுக்கியது. அதனால் 480 பாதியில் நின்றது. இன்டர்ஸ்டேட் தகுதியை இழந்து மாநிலச் சாலையாகியது. 1986இல் இடிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். 880-ஐச் சாய்த்த அதே நிலநடுக்கம் இதையும் விரிசல் விடச் செய்தது. 1991இல் இடித்தார்கள். இன்று அங்கே பனைமரங்களும் டிராம் தண்டவாளமும் இருக்கின்றன, கடல் தெரிகிறது.

இப்போது நடப்பது வேறு வகை மறைவு. மாநிலம் தன் சாலைகளை நகரங்களிடம் ஒப்படைத்து வருகிறது. ஊருக்குள் போகும் கடைத்தெரு மாநில நெடுஞ்சாலையாக இருந்தால், ஒரு மரம் நட வேண்டுமென்றாலும், நடைபாதையை அகலப்படுத்த வேண்டுமென்றாலும் நகராட்சி மாநிலப் போக்குவரத்துத் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். சாலை தன் கைக்கு வந்தால் அந்தத் தொல்லை இல்லை. மாநிலத்துக்கும் பராமரிப்புச் செலவு மிச்சம். சான்டா மோனிகா பூல்வார்டு அப்படிப் போனதுதான். ஒருகாலத்தில் யூ.எஸ். 66. 1964இல் மாநில 2. அதன் பல துண்டுகள் இன்று வெஸ்ட் ஹாலிவுட், பெவர்லி ஹில்ஸ் போன்ற நகரங்களின் தெருக்கள். ஒப்படைக்கும் சட்டங்களில் ஒரு நிபந்தனை திரும்பத் திரும்ப வரும். சாலை இனி மாநிலத்துடையது அல்ல, ஆனால் அதன் தொடர்ச்சி எங்கே இருக்கிறது என்று காட்டும் பலகைகளை நகரம் வைத்திருக்க வேண்டும். இந்த நிபந்தனையை எழுதியவர்கள் சரியாக யோசித்திருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் பல இடங்களில் எண் இடையிலேயே அறுந்துபோகிறது. வெளியூர் ஓட்டுநருக்கு அது உண்மையான சங்கடம். சாலையை ஒப்படைக்கும்போது பலகையையும் கணக்கில் எடுத்து வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

எல்லா எண்களிலும் என் மனம் நின்றுவிடுவது 99இல். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போன யூ.எஸ். 99, கலிஃபோர்னியாவின் முதுகெலும்பு. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே இன்டர்ஸ்டேட் 5 பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் சான் வாகீன் பள்ளத்தாக்கில் பிடிக்கவில்லை. பேக்கர்ஸ்ஃபீல்ட், டுலேரி, ஃப்ரெஸ்னோ, மெர்சட், மொடெஸ்டோ என்று ஊர்களைத் தொட்டுப்போன 99-ஐ விரிவாக்குவதற்குப் பதில், மேற்கே ஆளில்லாத நிலத்தில் நேர்கோடாகப் புது 5-ஐப் போட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கும் வடக்குக்கும் தூரம் குறைந்தது. ஆனால் இந்த ஊர்கள் எல்லாம் இன்டர்ஸ்டேட் இல்லாமல் நின்றன. 99 மாநில எண்ணாக இறங்கி, தக்காளியும் பருத்தியும் பாதாமும் ஏற்றிய லாரிகளைச் சுமந்தபடி, துண்டு துண்டாகத்தான் ஃப்ரீவே ஆனது. லிவிங்ஸ்டன் ஊரில் 1990கள் வரை நடுச்சாலையில் சிக்னல் இருந்தது. 99-க்கு இன்டர்ஸ்டேட் எண் வேண்டும், 7 அல்லது 9 கொடுங்கள் என்று அந்தப் பகுதியில் நெடுநாளாகக் கேட்கிறார்கள். அப்படி 7 கிடைத்தால், எல்லையில் போய் உட்கார்ந்திருக்கும் அந்த 7 மறுபடியும் எழுந்திருக்க வேண்டிவரும்.

பழைய தடத்தைத் தேடுபவர்களுக்கு மாநிலமே ஓர் உதவி செய்து வைத்திருக்கிறது. சாலையோரம் இடுப்பளவு உயரத்தில் வெள்ளைத் தகடுகளைப் பார்க்கலாம். சாலை எண், மாவட்டத்தின் சுருக்கெழுத்து, மைல் கணக்கு. மாவட்ட எல்லை வந்ததும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தக் கணக்குக்கு அடிப்படை 1964-இன் அளவை. அதற்குப் பிறகு எங்காவது சாலையை நகர்த்தி அமைத்தால், மாவட்டத்தின் மொத்தக் கணக்கையும் மாற்றுவதில்லை. நகர்ந்த பகுதியின் மைலுக்கு முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். அதே இடம் இரண்டாவது முறை நகர்ந்தால் 'எம்'. ஆகவே 'ஆர்' என்ற எழுத்தைப் பார்த்தால், பக்கத்தில் எங்கேயோ பழைய தார் கிடக்கிறது என்று பொருள்.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மலையைத் தாண்டும் வழியில் மூன்று தலைமுறைச் சாலைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். முதலாவது 1915இல் திறந்த ரிட்ஜ் ரூட், ஏட்டில் எண் 4, மலைமுகட்டின் மேல் பாம்பாக வளைந்து போவது. இரண்டாவது 1933இல் பள்ளத்தாக்கு வழியாகப் போட்ட யூ.எஸ். 99. மூன்றாவது இன்றைய இன்டர்ஸ்டேட் 5. நடுவில் இருக்கும் 99-இன் ஒரு துண்டில், ஃப்ரெஞ்ச்மன்ஸ் ஃபிளாட் என்ற இடத்திலிருந்து நடந்து போகலாம். வண்டிகள் வராத அகலமான கான்கிரீட் சாலை, ஓரங்களில் புதர். கொஞ்ச தூரத்தில் பிரமிட் அணை குறுக்கே நிற்கும். அதற்கப்பால் 99 ஏரித் தண்ணீருக்கு அடியில் போகிறது.